மீண்டெழுதலும் மறக்கடித்தலும்

அண்மைக் காலத்தில் புதுவகை யாத்திரையொன்று தோன்றியுள்ளது. உளவளத்துணையாளர், சமூகப் பணியாளர், மருத்துவர், ஆசிரியர் முதலிய தொழில்சார் நிபுணர்கள் சிறு குழுக்களாகத் திரண்டு, போரும் கலவரமும் குண்டுவெடிப்பும் கண்ட நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள மக்கள் பேரழிவின் பின்னர் எவ்வாறு மீண்டெழுந்தனர் என்பதைக் கற்றுத் திரும்புகின்றனர். உருவாண்டாவுக்கும் பொஸ்னியாவுக்கும் செல்லும் இக் கற்கைச் சுற்றுலாக்கள் இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. காலையில் விரிவுரை, நண்பகலில் அரசசார்பற்ற நிறுவனமொன்றின் அலுவலகம், பிற்பகலில் 'பாதிக்கப்பட்டோருடன் கலந்துரையாடல்', மாலையில் கடற்காற்று. பத்து நாட்கள் முடியச் சான்றிதழ். வந்தவர் நல்லெண்ணத்தோடு வந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் எழுப்பும் வினா பிழையானது. 'இவர்கள் எவ்வாறு தாங்கிக்கொண்டனர்?' என்று அவர் கேட்கிறார். 'இவர்கள் எதனைத் தாங்கவேண்டியதாயிற்று, அதைச் செய்தோர் யார், செய்தோர் என்னவாயினர்?' என்று கேட்பதில்லை.

'மீண்டெழும் ஆற்றல்' என்னும் கருத்தின் பிறப்பிடம் மனித சமூகம் அன்று. வளைத்த உருக்குக் கம்பி, கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் பண்பையே அது முதலிற் குறித்தது. 1973 இல் ஹொலிங் என்பார் அதனைச் சூழலியலுக்குள் கொணர்ந்தார். உளவியலாரும் அபிவிருத்தித் திட்டக்காரரும் பின்னர் அதனைக் கைக்கொண்டனர். கம்பிக்குப் பழைய நிலை ஒன்றுண்டு. கொட்டாஞ்சேனைத் தமிழனுக்குரிய பழைய நிலை யாது? 1983 க்கு முன்னர் 1977. அதற்கு முன்னர் 1958. எந்த ஆண்டின் நிலைக்கு அவன் திரும்பவேண்டும் என்று எந்தச் செயலமர்விலும் சொல்லப்படுவதில்லை. கலவரத்தைப் பெற்றெடுத்த நிலைமைக்கே ஒரு சமூகம் திரும்பிச் செல்லுமாயின், அதனை மீட்சி என்பதா, அடுத்த கலவரத்துக்கான ஆயத்தம் என்பதா?

கூட்டு மனவடு என்னும் எண்ணக்கருவை முதலில் தெளிவுறுத்தியோருள் கை எரிக்சன் ஒருவர். 1972 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் நிலக்கரிக் கம்பனியொன்றின் கழிவுநீர் அணை உடைந்து 125 பேர் மாண்டனர். அங்கு தப்பியோரை ஆராய்ந்த எரிக்சன், தனிமனிதரின் உள்ளத்தில் விழும் அடி வேறு, மனிதரை ஒருவரோடொருவர் பிணைக்கும் இழையிலே விழும் அடி வேறு என்றார். இரண்டாவது அடி மெல்ல மெல்ல உணரப்படுவது. அண்டைவீட்டாரைக் கண்டால் நம்பிக்கை வராமையே அதன் குணங்குறி. அந்த ஆய்வு தோன்றிய சூழலும் மனங்கொள்ளத்தக்கது. கம்பனிக்கு எதிராக மக்கள் தொடுத்த வழக்கின்பொருட்டு, அவர்தம் சட்டத்தரணிகளின் வேண்டுகோளின் பேரிலேயே எரிக்சன் அங்கு சென்றார். அதாவது, கூட்டு மனவடு பற்றிய அந்த ஆய்வு ஒரு குற்றச்சாட்டின் பகுதியாகவே பிறந்தது. இன்று அவ்வெண்ணக்கருவை எடுத்தாள்வோர் வழக்கை விட்டுவிட்டு மனவடுவை மாத்திரம் எடுத்துக்கொண்டனர்.

ஈழத்தில் இத்துறையின் முன்னோடி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றி, குடும்பமும் ஊரும் எவ்வாறு சிதைகின்றன என்பதை நேரிற் கண்டு எழுதியவர் அவர். அவநம்பிக்கை, மௌனம், தலையிடாது ஒதுங்கும் பழக்கம், பிறரில் தங்கியிருக்கும் மனப்பாங்கு என்பன தனியாள் நோய்களல்ல, ஒரு சமூகமே நோயுற்றதன் அடையாளங்கள் என்பது அவரது துணிபு. எல் சல்வடோரில் இதே கருத்தை முன்வைத்த யேசு சபைத் துறவியும் உளவியலாளருமான மார்ட்டின்-பாரோ 1989 நவம்பர் 16 அன்று தமது பல்கலைக்கழக வளவிலேயே இராணுவத்தினராற் கொல்லப்பட்டார். மனவடுவின் வேர் சமூக உறவுகளிலே உள்ளது என்று கூறுவது ஆபத்தான கூற்று. அது நோயாளியை விட்டு நோய்செய்தவனைச் சுட்டுகின்றது. சுற்றுலா நிபுணருக்கு இந்த ஆபத்து இல்லை.

வெளியார் வருகையின் விளைவை இலங்கை ஒருமுறை அனுபவித்தும் உள்ளது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையைத் தொடர்ந்து வந்த கூட்டம் சிறிதன்று. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்னும் பெயர், 1980 இல், வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினரின் நிலை பற்றிய விவாதங்களின் பின்னணியில் அமெரிக்க உளமருத்துவ நூலில் ஏறியது. அதே பெயரின் அளவுகோலைக் கொண்டு மட்டக்களப்பு மீனவரும் காலி மீனவரும் அளக்கப்பட்டனர். மொழி தெரியாதோர் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்து, ஒரே அமர்வில் துயரத்தைக் கொட்டுவிக்க முயன்றனர். அத்தகைய ஒற்றையமர்வுகள் பயனற்றவை, சிலவேளை தீங்கானவை என்று உலக சுகாதார தாபனமே ஏற்றுக்கொண்டுள்ளது. 2007 இல் ஐ.நா. முகவரகங்களும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டியும் இவற்றுக்கு எதிராகவே பேசுகின்றது. வந்தோர் போய்விட்டனர். வினாக்கொத்துகளை நிரப்பியோருக்கு முடிவுகள் திரும்பி வந்தனவா என்று கேட்பாரில்லை.

கொட்டாஞ்சேனையின் வரலாற்றை அறியாமல் அங்கே மீட்சியைக் கற்கவருவது வேடிக்கை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்தப் பெரஹரா ஒன்று கொட்டாஞ்சேனைக்குள் வந்தபோது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே கலவரம் மூண்டது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை. அன்றைய பௌத்தர் தமது தாங்குந்திறனை வளர்த்துக்கொண்டு வீட்டிலிருந்தனரா? இல்லை. அவர்களின் சார்பிலே கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று குடியேற்ற அமைச்சிடம் முறையிட்டார். 1885 இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. இலங்கையிலே கூட்டுக் காயமொன்றுக்கு அரசியல் வழியிற் பரிகாரம் தேடப்பட்ட தொடக்ககால உதாரணங்களுள் இதுவும் ஒன்று. அதே கொட்டாஞ்சேனையின் எல்லையில், 136 ஆண்டுகள் கழித்து, இன்னோர் உயிர்த்த ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 21 இல், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் மாண்டோர் 250 க்கு மேற்பட்டோர். அந்தோனியார் கோவிலில் மாண்டோருள்ளும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டோருள்ளும் தமிழர் பலர். அடுத்த மாதமே வடமேற்கில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டோடு எந்தத் தொடர்புமற்ற மக்கள் அவர்கள்.

இந்த இரண்டு உயிர்த்த ஞாயிறுகளுக்கும் இடையிற் கிடப்பவற்றைச் சுற்றுலா நிரல் பெரும்பாலும் தாண்டிச் செல்கின்றது. 1958 இல் கொழும்புத் தமிழர் றோயல் கல்லூரியில் அகதிகளாயினர்; கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். 1977 இல் மீண்டும் அதே காட்சி. அதனை விசாரித்த சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை 1980 இல் வெளிவந்தது. அதன்பின் நிகழ்ந்ததுதான் கவனிக்கற்பாலது. 1982 இல் பாராளுமன்றம் பொறுப்பொழிப்புச் சட்டமொன்றை நிறைவேற்றி, 1977 ஓகஸ்டில் அரச உத்தியோகத்தர் 'நல்லெண்ணத்தோடு' செய்த செயல்களுக்காக அவர்கள்மீது வழக்குத் தொடரவியலாது என்று விதித்தது. ஓராண்டு சென்றதும் கறுப்பு யூலை. 1988 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அதன் காலவெல்லை அவ்வாண்டு டிசம்பர் வரை நீட்டப்பட்டது. 1983 உம் அதனுள் அடங்கிற்று. உளவியல் நூல்கள் இதனை மனவடுவின் காரணிகளுள் ஒன்றாகக் குறிப்பதில்லை. குறித்திருக்க வேண்டும்.

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை பொரளைக் கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தீ புறப்பட்டது. 25 ஆம் திகதி வெள்ளவத்தையில் காலி வீதியின் தமிழ்க் கடைகள் எரிந்தன. வாளிக்குரிய சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி வீதியிலே தமிழர் இனங்காணப்பட்டனர். கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அன்று 35 உம் 27 ஆம் திகதி 18 உமாக வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். மரண விசாரணையில் அவை மனிதக் கொலைகள் என்று தீர்ப்பாயிற்று; தண்டிக்கப்பட்டவர் எவருமிலர். சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா நாட்டுக்கு உரையாற்றியது 28 ஆம் திகதி. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் அடைக்கலம் புகுந்து கிடந்தவர்களுக்கு அவ்வுரையில் ஒரு ஆறுதல் வார்த்தையும் இருக்கவில்லை. தமிழரைத் தம் வீட்டு அறைகளுள்ளும் கூரைத்தட்டிலும் ஒளித்துவைத்த சிங்கள அயலவரும் அந்நாட்களில் இருந்தனர். இவர்களைப் பற்றிச் சுற்றுலாக் குழுக்கள் விரும்பிக் கேட்பதுண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் காப்பாற்றியது எவரிடமிருந்து என்ற அடுத்த வினாவில் உரையாடல் முறிகின்றது.

இனி வெள்ளவத்தையின் 'மீட்சி'க்கு வருவோம். எரிந்த கடைகள் மீளக் கட்டப்பட்டன. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்து குடியேறினர். அடுக்குமாடிகள் எழுந்தன. நகைக்கடையும் புடவைக்கடையும் சந்தையும் நிறைந்துள்ளன. தமிழ்ச் சங்கத்தில் விழாக்கள் நடக்கின்றன. வெளியார் கண்ணுக்கு இது மீண்டெழுதலின் பாடப்புத்தகம். உள்ளே சென்று பார்ப்போருக்கு வேறொன்று தென்படும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சிறிது நகை ஆகியவற்றை ஒரே பையிலிட்டுக் கதவண்டையில் வைத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் நெடுங்காலம் நீடித்தது. பஸ்ஸிலே தமிழிற் பேசும்போது குரல் தாழ்ந்தது. வெளியே புறப்படுமுன் பொட்டை அழித்த பெண்கள் இருந்தனர். வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிசிற் பதிந்து பெற்ற பத்திரத்தைப் பத்திரப்படுத்திய காலமும் இருந்தது. அளவுகோல் கொண்டு வருவோர் இவற்றை 'சமாளிக்கும் உத்திகள்' என்று பதிந்துகொள்ளக்கூடும். உண்மையில் இவையே காயம். ஆறியதுபோல் இறுகிப்போன காயம்.

அப்பை வீண் அச்சத்தின் விளைவன்று என்பதை 2007 யூன் 7 மெய்ப்பித்தது. அன்று விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளுள் பொலிசார் நுழைந்தனர். வேலை தேடியும் கடவுச்சீட்டுக்காகவும் வைத்தியத்துக்காகவும் வந்து தங்கியிருந்த தமிழர் 376 பேர், கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணமற்றோர் என்று சொல்லப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டின் தலைநகரில் ஒருவன் இருப்பதற்குக் காரணம் காட்டவேண்டுமாம்! மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடைசெய்தது. சில நாட்களில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த ஒரு நாளில் கொழும்புத் தமிழரின் உளநலத்துக்கு மிகப்பெரிய பணி செய்தது எது? ஓர் அடிப்படை உரிமை மனுவும் அதன்மீது நீதிமன்றம் இட்ட கட்டளையும். மூச்சுப் பயிற்சியால் அந்த பஸ்கள் திரும்பியிரா.

மூச்சுப் பயிற்சியை இகழ்வது நோக்கமன்று. பிரணவ உச்சாடனத்தையும் செபத்தையும் சாந்தி ஆசனத்தையும் சிகிச்சையில் இணைத்தவர் சோமசுந்தரமே. மக்கள் தாமே கண்ட வழிகள் இவற்றினும் ஆழமானவை. கிழக்கிலே அம்மன் கோவில்களில் உருவேறி வாக்குச் சொல்வோரிடம் காணாமற்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கேட்டறிந்ததை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் விரிவாக எழுதியுள்ளார். பொலிசும் இராணுவமும் விடை தராத வினாவுக்கு விடை தேடும் இடமாக அந்தச் சந்நிதி விளங்கிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் முகத்துவாரத்துக் காளியம்மன் கோவில் உள்ளது. 1987 முதல் 1990 வரையான பயங்கரத்தில் தெற்கிலே பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு, 1992 யூன் 23 அன்று, சனாதிபதி பிரேமதாசவின் பிறந்தநாளிலே, அக்கோவிலுக்கு வந்து தேங்காய் உடைத்துத் தலைவிரித்துச் சாபமிட்டனர். சிங்களத் தாயின் துயரம் தமிழரின் காளியிடம் முறையிடப்பட்டது. கூட்டு மனவடு, சமூகத்தின் தன்னெழுச்சி, இனங்களுக்கிடையிலான உறவு ஆகிய மூன்றையும் ஒரே முற்றத்திலே காணவேண்டுமாயின் அம்முற்றத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால் அத்தாய்மாரை 'மீண்டெழுந்தோர்' என்று எவ்வாறு வகைப்படுத்துவது? அவர்கள் மீள மறுத்தவர்கள், குற்றவாளிகளைக் கேட்டவர்கள். அந்த மறுப்பே அவர்களை நிமிர்த்திவைத்தது. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தல்களில் இருந்துவந்த தமிழ்த் தாய்மாரும் இவ்வினத்தவரே. அவர்களுட் பலர் விடை பெறாமலே இறந்துபோயினர்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். நாட்டில் உளமருத்துவர் தொகை போதாது. பயிற்சிபெற்ற உளவளத்துணையாளர் அரியர். வெளியுலகத் தொடர்பு அறுபடின் நட்டம் எமக்கன்றோ என்று. நியாயமான ஆட்சேபம். அறிவுப் பரிமாற்றத்தை எவரும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது பரிமாற்றமென்ற பெயரில் நடக்கும் ஒருவழிப் போக்கு. வருவோர் கதைகளைக் கொண்டுசெல்கின்றனர், கொண்டுவருவது படவில்லைகள். பத்து நாட்களுக்குப் பதிலாக ஓராண்டு தங்கட்டும். தமிழோ சிங்களமோ கற்கட்டும். சன்சோனி அறிக்கையையும் பொறுப்பொழிப்புச் சட்டத்தையும் வாசித்துவிட்டுப் பாதிக்கப்பட்டவரின் வாசலை மிதிக்கட்டும். கதை சொல்பவருக்கு எழுத்து மூலம் எதனைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று முதலிலேயே கூறட்டும். இந்நிபந்தனைகளை ஏற்பவர் அதிதி. ஏனையோர் உல்லாசப் பயணிகள். அவர்களுக்கு ஹோட்டல்கள் உள்ளன.

வெளியாரைச் சாடிவிட்டு ஓய்ந்துவிடுவது எளிது. பல்கலைக்கழகங்களின் நிலை என்ன? முள்ளிவாய்க்காலிலிருந்து மீண்டவரிடமும் மலையகத்து லயங்களிலும் வினாக்கொத்தோடு சென்று, பட்டத்துக்குரிய ஆய்வேட்டை எழுதி நூலகத்தில் வைத்துவிட்டு, அந்த ஊருக்கு மறுமுறை போகாத இளங்கலை மாணவர் தொகை கொஞ்சமன்று. ஏடு ஆங்கிலத்தில் இருப்பின் சொன்னவர் அதை வாசிக்கவும் முடியாது. விரிவுரையாளர் புள்ளி வழங்குகின்றார். திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பதில்லை. சுற்றுலாக் குழு பத்து நாளில் செய்வதை ஒரு தவணையில் செய்வதால் அதன் தன்மை மாறிவிடுமா? தமிழ்ச் சங்கங்களின் கலைவிழாக்களிலும் கறுப்பு யூலை ஒரு கவியரங்கத் தலைப்பாக வந்து போகின்றது. கைதட்டலோடு அது முடிகின்றது.

கொச்சிக்கடைத் திருத்தலத்தையும் 1983 ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் செய்யவேண்டியது புலப்படும். திருத்தலம் 2019 யூன் 12 அன்று மீளத் திறக்கப்பட்டது. குருதி படிந்த தரையின் ஒரு பகுதி கண்ணாடியின் கீழ்ப் பேணப்படுகின்றது. மாண்டோருக்கு நினைவுச் சின்னம் உண்டு. 2023 சனவரி 12 இல் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழு உண்மை வெளிவரவில்லை என்று திருச்சபை இடைவிடாது கேட்டே வந்துள்ளது. கேட்பதற்கு அதற்கொரு தரையும் ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு தீர்ப்பும் உள்ளன. 1983 க்கு இவற்றுள் எதுவுமில்லை. 2001 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1981 முதல் 1984 வரையான வன்செயல்களை விசாரித்தது. 2004 யூலையில் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பகிரங்க மன்னிப்புக் கோரினார். சிலருக்கு நட்டஈடு கிடைத்தது. அவ்வளவே. கொழும்பு மாநகரில் அரசு எழுப்பிய நினைவிடம் ஏதுமில்லை. நாற்பதாம் ஆண்டிலே, 2023 இல், பொரளையில் விளக்கேற்றக் கூடியோரைப் பொலிசார் தடுத்தனர்.

இறந்தோர் தொகை பற்றி அரசு சொன்னது சில நூறு. பிறர் சொல்வது மூவாயிரம் வரை. இவ்விரு எண்களுக்கிடையே கிடக்கும் மனிதர்கள் யாவர்? வீடுகளை இனங்காண அன்று கும்பலிடம் இடாப்பு இருந்தது. அவ்வீடுகளில் இறந்தோரை இனங்காண, ஒழுங்கையாக, இலக்கமாக, பெயராக எழுதப்பட்ட முழுமையான இடாப்பு இன்றுவரை வெளியானதில்லை. இதனைத் தொகுக்க வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் தெரிந்த, பஸ் கட்டணம் செலுத்தக்கூடிய மாணவர் இருபது பேர் போதும். 1983 இல் இருபது வயதாயிருந்தோர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டனர். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்த பழைய வீடுகளிலும், அவர்களுட் சிலர் இன்னும் இருக்கின்றனர்.